முதலில் தூக்கம், பிறகு கணக்கு

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 43. காலை நான்கு மணிக்கு எழுந்து ஜெபம். பிறகு சமையல், பள்ளி, மாலை ஸ்டடி, விடைத்தாள் என்று படுக்கப் பதினொன்றரை ஆகிறது. ஓய்வுநாள் பள்ளி, பாடகர் குழு, பெண்கள் ஐக்கிய சங்கப் பொருளாளர் பொறுப்பு எல்லாம் என்னிடம். சம்பளம் 18,000. கணவர் டாக்ஸி ஓட்டுகிறார். டீசல், ரிப்பேர் போக மாதம் 14,000 நிற்கும். ஏப்ரல், மே சீசனில் மாதம் 30,000 வரும். ஒரு ஏக்கர் தேயிலையில் பறிகூலி, உரம் போகச் சராசரி 3,500. ஜனவரி முதல் மார்ச் வரை அதுவும் இல்லை. வண்டித் தவணை 11,400, இன்னும் 22 மாதம். குழுக் கடன் தவணை 3,900. வங்கியில் நகைக்கடன் 1,60,000, வருட வட்டி 9 சதவீதம். தெரிந்தவரிடம் மூன்று வட்டிக்கு (மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய்) வாங்கிய 80,000-க்கு 26 மாதமாக வட்டி மட்டும் கட்டுகிறோம். மகனின் கோவை ஹாஸ்டல் செலவையும் சேர்த்து வீட்டுக்கு மாதம் 20,000 ஆகிறது. போன மாதம் கணவருக்குத் தெரியாமல் போன் ஆப் ஒன்றில் 15,000 கடன் கேட்டேன். 11,200 தான் வந்தது. ஏழு நாளில் 15,000 கட்டச் சொல்லி மிரட்டுகிறார்கள். போட்டது பல மடங்கு திரும்பும் என்று டி.வி.யில் ஒரு பிரசங்கியார் சொன்னதைக் கேட்டு 5,000 ரூபாய் விதைக் காணிக்கையும் அனுப்பினேன், அதுவும் கடன் வாங்கித்தான். பைபிளைத் திறந்தால் எழுத்து மனதில் நிற்பதில்லை. பள்ளிப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. விடியாமலே போய்விட்டால் தேவலை என்று சில இரவு தோன்றுகிறது. என் விசுவாசம் போய்விட்டதா? நான்கு மாதமாகத் தசமபாகம் (வரவில் பத்தில் ஒரு பங்கு) கொடுக்காததால் வந்த சாபமா? எதிலிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விடியாமலே போய்விட்டால் தேவலை என்பதைக் கணக்குகளுக்கு நடுவே போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடன் ஒரு வாரம் காத்திருக்கும், இது காத்திருக்காது. இன்றைக்கே கணவரிடமோ உடன்பிறந்தவர் ஒருவரிடமோ இந்த வாக்கியத்தை அப்படியே சொல்லுங்கள். 'கொஞ்சம் மனசு சரியில்லை' என்று மழுப்ப வேண்டாம். இரவில் அந்த நினைப்பு வந்தால் 14416 எண்ணுக்குப் பேசுங்கள். அது டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து வீட்டில் இருந்தால், கணவரிடம் சொல்லி வேறு இடத்தில் பூட்டிச் சாவியை அவரே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த நினைப்பு பெரும்பாலும் அலைபோல் வந்து தணியும். அது எழும் நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் எதுவும் இல்லாதிருப்பதே பெரிய பாதுகாப்பு.

இப்படித் தோன்றியதற்காக வெட்கப்படாதீர்கள். 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்கிறான். கர்மேல் மலையில் அவன் ஜெபத்துக்கு வானத்திலிருந்து அக்கினி இறங்கிய அத்தனை பெரிய காரியம் நடந்து முடிந்த கையோடு இது நடக்கிறது. இந்த அதிகாரத்தை அவசரமாகத் தாண்டிப் போய், கர்த்தர் பேசிய மெல்லிய சத்தத்தில் நிற்பதே பிரசங்க வழக்கம். உங்களுக்கு வேண்டியது அதற்கு முந்தின வசனங்கள். தேவதூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டுகிறான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறான். யாரும் கடிந்துகொள்ளவில்லை. இரண்டாம் தரமும் சாப்பாடுதான். நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போன பிறகுதான் 'இங்கே உனக்கு என்ன காரியம்' என்ற கேள்வியே வருகிறது. அதற்கு அவன் சொன்ன புலம்பலையே இரண்டு தரம் சொல்கிறான், அதையும் கர்த்தர் கேட்டுக்கொள்கிறார். கடைசியில் அவனுடைய வேலையைப் பங்கிட எலிசாவைக் காட்டுகிறார். தூக்கம், சாப்பாடு, பிறகு கேள்வி, பிறகு ஆள் உதவி என்ற வரிசையிலேயே இந்தப் பதிலும் போகும். நீங்கள் கேள்வியிலிருந்து தொடங்கியதால்தான் பதில் கிடைக்காமல் தவிக்கிறீர்கள்.

உங்களுக்கு இருப்பதைப் பர்ன் அவுட் என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய்ப் பட்டியலில் இதை நோயாகச் சேர்க்காமல், வேலையால் வரும் நிலை என்று குறித்தது. அடங்காத களைப்பு, வேலையின் மேல் வெறுப்பு அல்லது விலகல், எதையும் சரியாகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். பிள்ளைகள் முகத்தைப் பார்த்தால் எரிச்சல் என்றீர்களே, அது இரண்டாவது. குணம் கெட்டுப்போனதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் சாவைப் பற்றிய நினைப்பும் இருப்பதால் மனச்சோர்வு நோயும் கலந்திருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது மருத்துவர் வேலை. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு எந்தெந்த நாள் என்று கேட்டுக்கொண்டு போங்கள், கணவரையும் அழைத்துக்கொண்டு. மாத்திரை எழுதினால் சாப்பிடுங்கள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவரை விசுவாசம் இல்லாதவர் என்று சபையில் யாரும் சொல்வதில்லை.

அதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12 நான்கும் பாருங்கள், ரத்த அழுத்தமும் பார்த்துவிடுங்கள். நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு மாதவிடாய் அதிகமாகப் போய் ரத்தசோகை வருவதும், தைராய்டு குறைவதும் சாதாரணம். இரண்டுமே அச்சாக இதே களைப்பைத் தரும். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழ் இருந்தால் ரத்தசோகை என்பது பொது அளவு. மலைமேல் இருப்பவர்களுக்கு அந்த அளவு சற்றுக் கூடுதலாகவே இருக்க வேண்டும். அதனால் 12.1 என்று வந்தாலும் 'நார்மல்' என்று தாளை மடித்து வைத்துவிடாமல் மருத்துவரிடம் கேளுங்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால், அதற்கும் டீக்கும் இடையில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். சாப்பாட்டோடு டீ குடிக்கும் நம் மலைப் பழக்கம் இரும்பை உடம்பில் சேர விடாது. மாத்திரையைச் சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லை என்று சொல்பவர்களில் பலருக்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

அடுத்தது தூக்கம். பதினொன்றரைக்குப் படுத்து நான்குக்கு எழுந்தால் நாலரை மணி நேரம். வருடக்கணக்கில் இப்படிப் போனால் யாருக்கும் பைபிளில் எழுத்து நிற்காது, நாளிதழிலும் நிற்காது. மூன்று மாதத்துக்கு நான்கு மணி ஜெபத்தை நிறுத்துங்கள். அதிர்ச்சியாக இருக்கும், தெரியும். அதிகாலையில் எழுந்து நேரங்கழித்துப் படுத்து வருத்தத்தின் அப்பத்தைத் தின்பது வீண், அவர் தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார் என்கிறது 127-ஆம் சங்கீதம். பத்து மணிக்குள் விளக்கை அணைத்து ஐந்தரைக்கு எழுந்தால் ஏழரை மணி நேரம் கிடைக்கும். விடைத்தாள் கட்டு படுக்கையறைக்குள் வரக்கூடாது, போன் சமையலறையில் சார்ஜ் ஏறட்டும். கடைசி டீ மதியம் இரண்டு மணிக்கு. குளிருக்கு இதமாக ஆறு மணிக்குக் குடிக்கும் ஒரு கப் டீயில் உள்ள காஃபீன், நீங்கள் படுக்கும்போதும் ஏறக்குறைய பாதி ரத்தத்தில் இருக்கும். சுடுதண்ணீரோ சுக்குக் காப்பியோ போதும். சுக்குக் காப்பியில் காப்பித்தூள் போடாமல் இருந்தால் சரி.

ஜெபத்தை விடச் சொல்லவில்லை, அளவைக் குறைக்கச் சொல்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு சங்கீதம், வாய்விட்டு, ஒரே தரம். 131-ஆம் சங்கீதம் மூன்றே வசனம், 13-ஆம் சங்கீதம் ஆறு. மனம் மிகவும் இருண்ட நாளில் 88-ஐ எடுங்கள். ஆறுதலான முடிவு இல்லாமலே முடிகிற சங்கீதம் அது. முடிவை நீங்களும் செயற்கையாகச் சேர்க்க வேண்டாம். வார்த்தையே வராத நாளில் ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது. உட்கார்ந்து பெருமூச்சு விட்டால் அந்த நாளுக்கு அதுவே ஜெபம். உபவாச ஜெபம், முழு இரவு ஜெபம் இரண்டும் இந்த மூன்று மாதம் வேண்டாம். தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் உடைந்த உடம்பை, தூக்கமும் சாப்பாடும் இல்லாமலே சரிசெய்ய முடியாது.

சபை வேலைக்கு வருவோம். வாரம் முழுக்க உழைத்துவிட்டு ஞாயிறு காலை ஓய்வுநாள் பள்ளிக்கு ஓடுகிறீர்கள். பெயரில் மட்டும் ஓய்வு. மூன்று பொறுப்பையும் ஒரே நாளில் விடத் தேவையில்லை. ஆனால் பொருளாளர் பொறுப்பு இந்த வாரமே கைமாற வேண்டும். கடன்காரர் வாசலில் நிற்கும் வீட்டில் சங்கத்துப் பணம் இருப்பது உங்களுக்கும் நல்லதல்ல, சங்கத்துக்கும் நல்லதல்ல. 'இரண்டு நாளில் வைத்துவிடலாம்' என்று எடுக்கிற ஐந்நூறு ரூபாயில்தான் நல்லவர்கள் பலர் மாட்டியிருக்கிறார்கள். கையிருப்பை இருவர் முன்னிலையில் எண்ணி, பாஸ்புக், ரசீதுப் புத்தகம், வவுச்சர் எல்லாவற்றையும் தேதியோடு ஒரு தாளில் எழுதி, வாங்குகிறவர் கையெழுத்தும் சாட்சி கையெழுத்தும் வாங்கி, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற இரண்டுக்கும் ஆயருக்கு ஒரு கடிதம். 'உடல்நலக் காரணமாக வருகிற மூன்று மாதத்துக்குப் பொறுப்புகளிலிருந்து விடுப்பு கேட்கிறேன். ஆராதனைக்கு வருவேன்' என்ற இரண்டு வரி போதும். கடனைப் பற்றி எழுத வேண்டாம். நீங்கள் இல்லாவிட்டால் கிறிஸ்துமஸ் கேரல் நின்றுவிடும் என்று யாராவது சொல்வார்கள். நிற்காது. யாத்திராகமம் 18-இல் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒருவனாக நியாயம் விசாரித்துக்கொண்டிருந்த மோசேயைப் பார்த்து, நீர் செய்கிறது நல்லதல்ல, நீரும் தொய்ந்துபோவீர் ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்று மாமனார் எத்திரோ சொன்னார். மோசே கோபித்துக்கொள்ளாமல் கேட்டான். இன்னொன்றும் காதில் விழும்: கர்த்தர் உங்களைக் கவாத்து பண்ணுகிறார் (செடி தழைக்கக் கிளையை வெட்டிவிடுவது போல), பொறுத்துக்கொள்ளுங்கள் என்று. தோட்டம் வைத்திருக்கிறவர் நீங்கள், உங்களுக்குத் தெரியும்: கவாத்து முடிந்த செடியிடம் மூன்று நான்கு மாதத்துக்கு யாரும் இலை கேட்பதில்லை. உவமை சொல்கிறவர்கள் அந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

இனிக் கணக்கு. நாலைந்து நாள் ஒழுங்காகத் தூங்கிய பிறகு இதைப் படியுங்கள். போன் ஆப் விஷயம் மட்டும் விதிவிலக்கு, அதை இன்றே செய்யுங்கள்.

11,200 கொடுத்து ஏழு நாளில் 15,000 கேட்கிறார்கள். கையில் வந்த தொகைக்கு வாரத்துக்கே 34 சதவீதம். ரிசர்வ் வங்கி விதிப்படி நடக்கும் கடன், அனுமதி பெற்ற வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பெயரில் இருக்கும். வட்டி, கட்டணம் எல்லாம் அடங்கிய விவரத் தாள் முன்னாலேயே வரும். உங்கள் போனில் உள்ள எண்களையும் படங்களையும் அந்த ஆப் தொடக்கூடாது. உங்களுக்கு வந்ததில் இதெல்லாம் இருந்ததா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் மிரட்டல் செய்திகள், அழைப்பு எண்கள், பணம் வந்த விவரம், ஆப்பின் பெயர் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொருவர் போனுக்கு அனுப்பிவிடுங்கள். பிறகு போன் செட்டிங்ஸில் அந்த ஆப்புக்குக் கொடுத்த அனுமதிகளை எடுத்துவிட்டு நீக்குங்கள். வரிசை மாறினால் சாட்சியம் போய்விடும். அப்புறம் 1930 எண்ணிலோ சைபர் குற்ற இணையதளத்திலோ புகார். உங்கள் படத்தை அசிங்கமாக மாற்றி உறவினர்களுக்கு அனுப்புவோம் என்பதுதான் இவர்களுடைய ஒரே ஆயுதம். அதனால் தலைமை ஆசிரியர், அண்ணன், தங்கை என்று முக்கியமான பத்துப் பேருக்கு நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்: 'ஒரு மோசடி ஆப்பில் மாட்டினேன், புகார் கொடுத்துவிட்டேன், ஏதாவது வந்தால் திறக்க வேண்டாம்.' அதன்பின் அந்த மிரட்டலில் பலம் இருக்காது. இதை அடைக்க இன்னொரு ஆப்பில் கடன் வாங்குவதை மட்டும் செய்யவே கூடாது.

மீதிக் கடன்களுக்கு 2 இராஜாக்கள் 4-ஐப் பாருங்கள். கடன்கொடுத்தவன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாகக் கொண்டுபோக வந்த வீட்டு விதவையிடம் எலிசா கேட்டது, உன் வீட்டில் என்ன இருக்கிறது என்பது. அயல்வீட்டாரிடம் எல்லாம் வெறும் பாத்திரம் கேட்டு வரச் சொன்னான். ஆக, உதவி கேட்டது தெருவுக்கே தெரிந்தது. எண்ணெய் நிரம்பிய பிறகும் அதை விற்று, கடனை அடைத்து, மிஞ்சியதில் பிழைக்கச் சொன்னான். அற்புதம் நடந்த வீட்டிலும் விற்பனையும் வரவு செலவும் இருந்தன.

நீங்கள் கொடுத்த எண்களைக் கூட்டினால், சாதாரண மாத வரவு 35,500. வண்டிக்கு 11,400, குழுவுக்கு 3,900, மூன்று வட்டிக்காரருக்கு 2,400, நகைக்கடன் வட்டியை மாதக் கணக்கில் போட்டால் 1,200, ஆக 18,900 கடனுக்கே போகிறது. வரவில் 53 சதவீதம். சிறுகடன் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2022-இல் வைத்த வரம்பே பாதிதான். மீதி 16,600-இல் 20,000 ரூபாய்க் குடும்பம் ஓட வேண்டும். மாதம் 3,400 துண்டு விழுகிறது. அந்தத் துண்டை அடைக்கத்தான் புதுப்புதுக் கடன். தசமபாகம் நின்றது நான்கு மாதமாக, மூன்று வட்டிக் கடனோ 26 மாதமாக. எது முந்தியது என்று நீங்களே பாருங்கள். சாபம் என்ற சொல்லை இங்கே கொண்டுவரத் தேவையில்லை. வருடத்துக்கு 36 சதவீத வட்டி கட்டுகிற எந்த வீடும் இப்படித்தான் ஆகும்.

அந்தக் கடனை முதலில் முடியுங்கள். 26 மாதத்தில் 62,400 வட்டி கட்டியாயிற்று, அசல் 80,000 அப்படியே நிற்கிறது. இன்னும் எட்டு மாதம் போனால் கட்டிய வட்டி மட்டுமே 81,600 ஆகிவிடும். அடகுக்குப் போகாத நகை வீட்டில் ஏதாவது இருந்தால், பிள்ளை கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்ததாகவே இருந்தாலும், அதில் ஒன்றை விற்று இதை அடைப்பது என் யோசனை. இரண்டு மூன்று கடையில் எடைபோட்டு, கழிவு எவ்வளவு என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். விற்க மனமே வரவில்லையா, அதே நகையை வங்கியில் வைத்து 9 சதவீதத்தில் வாங்கி அடைத்தால் மாதம் 2,400-க்குப் பதில் 600 வட்டி. மிஞ்சுகிற 1,800-ஐ மாதாமாதம் அசலில் கட்டினால்தான் அதில் பயன். கட்டாமல் விட்டால் கடன் இடம் மாறும், குறையாது. பணம் கொடுக்கும் முன், இத்தனை வட்டி கட்டியிருக்கிறோம், அசலில் குறையுங்கள் என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். பலர் குறைப்பார்கள். வங்கி வழியாக அனுப்புங்கள். புரோநோட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுச் செக், பத்திரம் எது கொடுத்திருந்தாலும் அதே நாளில் கைக்குத் திரும்ப வர வேண்டும். 'அப்புறம் தேடித் தருகிறேன்' என்றால் பணமும் அப்புறம்தான்.

அவர் மிரட்டினால் வழி இருக்கிறது. கந்து வட்டி, மீட்டர் வட்டி போன்றவற்றைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லிருந்தே சட்டம் உண்டு. காவல் நிலையத்தில் கொடுக்கலாம், ஊட்டியில் ஆட்சியர் அலுவலகத்துத் திங்கட்கிழமை மனுநாளிலும் கொடுக்கலாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், வக்கீல் இலவசம். எண் 15100.

குழுக் கடனில் தவணை தவறுவதற்கு முன்னால் கிளைக்குப் போய்த் தவணையைக் குறைத்து மாதத்தை நீட்டித் தரக் கேளுங்கள். தவறிய பிறகு கேட்டால் அதே மேலாளர் வேறு முகம் காட்டுவார். சிறுகடன் வசூலுக்குக் காலை 9-க்கு முன்னும் மாலை 6-க்குப் பின்னும் வரக்கூடாது என்பது விதி. வண்டிக் கடனை நீட்டிக்க இப்போது அவசரப்பட வேண்டாம். மொத்த வட்டி ஏறும்.

ஏனென்றால் துண்டு 3,400-இல், நகையை விற்று மூன்று வட்டி ஒழிந்தால் 2,400 நிரம்பிவிடுகிறது. மீதி ஆயிரம். மகன் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருந்தால், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 அவன் கணக்குக்கு வரும். கல்லூரி அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஸ்காலர்ஷிப் பற்றி ஆயரிடம் பேசலாம். காணிக்கை போடுகிறவர் உதவி கேட்கக்கூடாது என்று எங்கும் எழுதியில்லை.

சீசன் பணத்தைப் பற்றி. ஏப்ரல், மே இரண்டு மாதத்திலும் கூடுதலாக வருவது மொத்தம் 32,000. ஜூனில் பள்ளி திறக்கும்போது அது இருந்த இடம் தெரியாமல் போயிருக்கும், இல்லையா? ஜனவரி முதல் மார்ச் வரை தேயிலை வரவு இல்லாமல் விழும் பள்ளம் 10,500. சீசனில் சவாரிப் பணம் வரும் அன்றன்றைக்கே ஒரு பங்கை எடுத்து, இந்த 10,500-ஐ முதலில் தபால் நிலையக் கணக்கில் போட்டுப் பூட்டிவிடுங்கள். அடுத்த பங்கு வண்டி இன்சூரன்ஸ், எஃப்.சி. (தகுதிச் சான்று), வரிக்கு. தேதி முன்கூட்டியே தெரிந்த செலவுக்கு அவசரக் கடன் வாங்குவதுதான் டாக்ஸிக் குடும்பங்களை அதிகம் முறிக்கிறது. இலை எடுக்கும் ஏஜென்டிடம் முன்பணம் வாங்காதீர்கள். வாங்கினால் எடை, விலை இரண்டிலும் பேச வாய் இருக்காது. செடி இந்த வருடம் கவாத்துக்கு வந்திருந்தால் ஏக்கர் முழுவதையும் ஒரே தரம் வெட்டாமல் பாதி பாதியாகச் செய்ய முடியுமா என்று பாருங்கள். வேலையை மட்டும் களைப்பில் விட்டுவிடாதீர்கள். மாலை ஸ்டடியிலிருந்து ஒரு டெர்முக்கு விலக்கு கேளுங்கள், மருத்துவர் சீட்டோடு.

தசமபாகம் பற்றிக் கேட்டீர்கள். சில போதகர்கள் இதில் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள். 2 கொரிந்தியர் 8:12-இல் பவுல், மனவிருப்பம் இருந்தால் ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அது ஏற்கப்படும் என்று எழுதுகிறார். கடன் வாங்கிக் கொடுப்பது இல்லாததின்படி கொடுப்பது. அந்தப் பணம் உங்களுடையதும் அல்ல, கடன்காரருடையது. தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிப் பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைத் தட்டிக்கழித்தவர்களை இயேசு மாற்கு 7-இல் கடிந்துகொண்டார். மகனின் ஹாஸ்டல் பணத்துக்கும் அதே நியாயம்தான். மூன்று வட்டி முடிகிறவரை, ஞாயிற்றுக்கிழமை கையில் இருப்பதில் பத்தோ ஐம்பதோ கவரில் போடுங்கள். பெரிய தொகை இல்லாத கவரைக் கொடுக்கக் கை கூசும். அந்தக் கூச்சம் மனிதர் பார்வைக்கு அஞ்சுவது. விதைக் காணிக்கைக்கு இனி ஒரு ரூபாயும் வேண்டாம். போட்ட பணம் நூறு மடங்கு திரும்பும் என்று டி.வி.யில் சொல்கிறவர் உங்கள் புரோநோட்டில் கையெழுத்துப் போடப் போவதில்லை.

கடைசியாக, கணவரிடம் ஆப் விஷயத்தைச் சொல்வது. மிரட்டல் அழைப்பு அவருக்கே போவதற்குள், நாளை மாலைக்குள் சொல்லுங்கள். அவர் சவாரி முடிந்து வந்த உடனே வேண்டாம், இரவு படுக்கும்போதும் வேண்டாம். சாப்பிட்டு அரைமணி கழித்து, டி.வி. ஓடாத நேரத்தில், முதலில் மனதின் நிலையைச் சொல்லுங்கள், அடுத்து ஆப், அடுத்து மற்றக் கணக்கு. அவர் கோபப்பட்டால் அன்றைக்குக் கணக்கை மூடிவிட்டு ஞாயிறு மதியம் தொடரலாம். எந்தக் கடன், அசல் மீதி எவ்வளவு, வட்டி எவ்வளவு, தவணைத் தேதி, யாரிடம் என்ன பத்திரம் இருக்கிறது என்று ஐந்து கட்டம் போட்ட ஒரு நோட்டு இருவருக்கும் பொதுவாக இருக்கட்டும். முதல் மாதம் அதை எழுதுகிற வேலையை அவரிடம் கொடுங்கள். உங்களுக்குத்தான் விடைத்தாள் இருக்கிறதே. ரத்தப் பரிசோதனைத் தாள் வந்ததும் அதில் உள்ள எண்களோடு மறுபடியும் எழுதுங்கள்.